பிறப்பேட்டின் வெற்றுப் பக்கங்கள்: ஜப்பானியர் ஆட்சிக்கால மலாயாத் தமிழரின் உடல்நலமும் நம் எழுத்தும்

முன்னுரை

மலாயாத் தமிழர் வரலாற்றில் 1942 முதல் 1945 வரையிலான மூன்றரை ஆண்டுகள் பற்றி நம்மிடையே எழுத்துக்குப் பஞ்சமில்லை. சயாம்-பர்மா ரயில்பாதை நாவலாகியிருக்கிறது, நினைவுக் குறிப்பாகியிருக்கிறது, மேடைப் பேச்சாகவும் ஆகியிருக்கிறது. இந்திய தேசிய இராணுவமும் அவ்வாறே. ஆயினும் இவ்வெழுத்துகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஒரு குறை புலப்படுகிறது. அவை இறப்பைப் பேசுகின்றன, பிறப்பைப் பேசுவதில்லை. போனவர்களைப் பேசுகின்றன, லயத்திலும் புறநகர்க் குடியிருப்பிலும் இருந்தவர்களை அரிதாகவே பேசுகின்றன. அந்த ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை பிழைத்தன, தாய்மார் என்ன உண்டனர், யார் மருத்துவம் பார்த்தார் என்னும் கேள்விகள் வரலாற்றாசிரியருக்கும் படைப்பாளிக்கும் இடையே கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

ஒரு சமூகத்தின் மீது போர் நிகழ்த்திய சேதத்தை இறந்தோர் எண்ணிக்கை மட்டும் காட்டிவிடாது. பிறக்காமற்போனவர்களும் பிறந்து தங்காதவர்களும் அச்சேதத்தின் பகுதியே. இக்கட்டுரை அக்காலப் பொதுச் சுகாதாரம், பிறப்பு வீதம் ஆகியவற்றை அறிய நமக்குள்ள சான்றுகளின் இயல்பை முதலில் மதிப்பிடுகிறது. பின்னர் நம் புனைவும் வரலாற்று எழுத்தும் அவற்றை எவ்வாறு கையாண்டன, எங்கே கைவிட்டன என ஆராய்கிறது.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையே

போர் நிகழ்ந்தது இரண்டு குடிமதிப்புகளுக்கு இடையில். 1931இல் ஒன்று எடுக்கப்பட்டது. 1941இல் எடுக்கப்பட்டிருக்க வேண்டியது போரின் காரணமாக எடுக்கப்படவில்லை. அடுத்தது 1947 செப்டம்பரில்தான் நடந்தது. எனவே பதினாறு ஆண்டுகளின் மாற்றங்கள் அனைத்தும் ஒரே கூட்டல் கழித்தலுக்குள் அடங்கிவிட்டன.

சிங்கப்பூரை உள்ளிட்ட மலாயாவில் 1931இல் 621,000க்குச் சற்று மேற்பட்ட இந்தியர் இருந்தனர். 1947இல் அந்த எண்ணிக்கை 599,616. மற்றப் பெரிய இனங்கள் இரண்டும் இதே காலத்தில் பெருகியிருக்க, இந்தியர் மட்டும் குறைந்தனர். இந்த வேறுபாட்டைக் கண்டவுடன் அதனை முழுவதும் ரயில்பாதையின் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது பொருந்தாது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய பொருளாதார மந்தத்தில் பெருந்தொகையினர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934க்குப் பின் மீண்டும் ஆள் வந்தது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்று வரும் தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்தது. போர் முடிந்தபின் ஊர் திரும்பியோரும் உளர். இத்தனையும் கலந்து வந்த இறுதி எண்ணே 1947இன் எண். மேடைகளில் ஓர் இலட்சம், ஒன்றரை இலட்சம் என்று இறந்தோர் தொகை வளர்ந்துகொண்டே போவது, சான்றின் வலிமையைக் கூட்டவில்லை, அதனைக் குறைத்தது. மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் அப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்களுள் தமிழரே பெரும்பான்மையினர், பல்லாயிரவர் திரும்பவில்லை என்பன உறுதியானவை. இதற்குமேல் மிகைப்படுத்த வேண்டிய தேவை இத்துயரத்திற்கு இல்லை.

இங்கே இன்னொரு புள்ளிவிவரமும் கவனத்திற்குரியது. 1931இல் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறுக்கும் குறைவான பெண்களே இருந்தனர். 1947இல் அது அறுநூறைத் தாண்டியது. குடும்பம் அமைத்து நிலைபெறும் சமூகமாக மலாயாத் தமிழர் மாறியதன் அடையாளமாக இம்மாற்றம் வழக்கமாகக் காட்டப்படுகிறது. அதில் உண்மை உண்டு; முப்பதுகளில் பெண்கள் மிகுதியாக வந்தனர், இங்கேயே பிறந்த குழந்தைகளும் பெருகினர். ஆனால் ஒரு விகிதம் இரண்டு வழிகளில் உயரலாம். பெண்கள் கூடினாலும் உயரும். ஆண்கள் குறைந்தாலும் உயரும். தண்டவாளத்திற்குச் சென்றோர் பெரும்பாலும் ஆண்கள். ஆகவே ‘முன்னேற்றம்’ என்று பாடநூல் சொல்லும் அந்த விகிதத்திற்குள் இழப்பும் ஒளிந்திருக்கிறது. எண்ணை ஓதுவது வேறு, எண்ணை வாசிப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

போருக்கு முந்தைய நலவாழ்வின் இயல்பு

ஜப்பானியர் காலத்தின் கொடுமையை எடுத்துரைக்கும்போது அதற்கு முந்தைய வெள்ளையர் காலத்தைப் பொற்காலமாக எண்ணும் மனப்போக்கு முதியோர் நினைவுகளில் மிகுதி. அதனை ஆய்வாளர் அப்படியே ஏற்க இயலாது. 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளரின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. புதிதாகக் காடழித்த தோட்டங்களில் மலேரியாவே முதன்மைக் கொலைகாரன். அதன்பின் வந்த முப்பது ஆண்டுகளில் இவ்வீதம் வெகுவாகத் தாழ்ந்தது மெய்யே. 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மால்கம் வாட்சன் தொடங்கிவைத்த சதுப்பு வடிகால் பணி, ஓடைகளில் எண்ணெய் தெளித்தல், கொயினா வழங்குதல், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் பேறுகாலச் சலுகை, ஆயாக்கொட்டகை, தோட்டத்து டிரஸர், மருத்துவமனை ஆகியவை சேர்ந்து அதனைச் சாதித்தன.

ஆனால் இவை அனைத்தும் யாருடைய கையில் இருந்தன என்பதே வினா. அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. மலாயா தன் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இறக்குமதி செய்தது. கொயினா ஜாவாவின் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்து வந்தது. எண்ணெய் தெளிக்க ஆளும் பணமும் துரையின் அலுவலகம் தர வேண்டும். தொழிலாளர் குடும்பத்தின் கையிலோ, அவர்தம் சமூகத்தின் கையிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அது கடன் வாங்கிய நலவாழ்வு. கடன் கொடுத்தவன் 1942 சனவரியில் கப்பலேறியதும் அது ஒரே பருவத்தில் சரிந்தது. சரிவின் வேகத்திற்குப் படையெடுப்பு மட்டும் காரணமன்று; கட்டடத்தின் அடித்தளமும் காரணமே.

புழுங்கலரிசியிலிருந்து மரவள்ளிக்கு

உணவு பற்றிய ஒரு செய்தி நம் தமிழாசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லத் தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் சீனத் தொழிலாளரைப் பெருமளவில் தாக்கியது. தமிழரை அவ்வளவாகத் தாக்கவில்லை. காரணம் தேடிய மருத்துவர்கள் தீட்டிய வெள்ளரிசிக்கும் தமிழர் உண்ட புழுங்கலரிசிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டனர். 1905ஆம் ஆண்டை ஒட்டிக் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நடத்திய சோதனையும், தொடர்ந்து பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோர் செய்த ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. உலக ஊட்டச்சத்து அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற அக்கண்டுபிடிப்பிற்குத் தமிழ்ப் பெண்ணின் அடுக்களை வழக்கமே சான்றாக நின்றது.

போர் அந்தக் காப்பை உடைத்தது. அரிசி அருகியது, மரவள்ளிக்கிழங்கு முதன்மை உணவாயிற்று. கிழங்கு வயிற்றை நிரப்பும். புரதமும் பி1 உயிர்ச்சத்தும் அதில் மிகக் குறைவு. சிங்கப்பூரில் 1944ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மாத அரிசிப் பங்கீடு ஆணுக்கு 8 காட்டி, பெண்ணுக்கு 6 காட்டி, குழந்தைக்கு 4 காட்டி என்றானது. ஒரு காட்டி ஏறத்தாழ 600 கிராம். அதாவது ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 120 கிராம் அரிசி. இந்த மூன்று பிரிவுகளில் ‘கருவுற்றவள்’ என்பது ஒரு பிரிவாக இல்லை. அது நகரத்துக் கணக்கு. உற்பத்தி நின்றுபோன தோட்டத்தில் அதுவும் உறுதியில்லை.

தாயின் உடலில் பி1 உயிர்ச்சத்து குறையும்போது அவள் பாலிலும் அது குறைகிறது. தாய்ப்பால் மட்டுமே உண்ணும் கைக்குழந்தை, புறத்தோற்றத்தில் நலமாக இருந்தே இரண்டு மூன்று மாதங்களில் திடீரென இதயம் செயலிழந்து இறந்துவிடக்கூடும். இது குழந்தைப் பெரிபெரி. அதற்குத் தோட்டத்தில் பெயர் இருந்திருக்காது. ‘தோஷம்’ என்றோ ‘காற்றுக் கருப்பு’ என்றோ சொல்லியிருப்பார்கள். நோயின் பெயர் தெரியாத இறப்பு ஏட்டிலும் ஏறுவதில்லை, இலக்கியத்திலும் ஏறுவதில்லை.

மலேரியாவும் கருவுற்ற பெண்ணையே கடுமையாகப் பற்றும் நோய். கருச்சிதைவு, கடும் சோகை, எடை குறைந்த பிள்ளைப்பேறு ஆகியவை அதன் விளைவுகள். வடிகால்கள் தூர்ந்து, எண்ணெய் தெளிப்பு நின்று, கொயினா அருகிய தோட்டத்தில் ஒரு தாய் பத்துமாதம் சுமந்து பெறுவது எத்தகைய செயல் என்பதை இப்பின்னணியில்தான் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பிறப்பு வீதம்: எதிரெதிர் விசைகள்

இத்துணை கேட்டபின் ‘பிறப்பு குறைந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். அவ்வாறு முடிப்பதும் பிழையே. பிறப்பு வீதத்தின் மீது இரண்டு எதிரெதிர் விசைகள் செயற்பட்டன.

முதலாவது, குறைக்கும் விசை. கணவன் தண்டவாளத்திற்குப் போனான். நீண்ட பட்டினியில் மாதவிலக்கு நின்றுபோவது மருத்துவம் அறிந்த ஒன்று. நோய் கருவைக் கலைத்தது. இரண்டாவது, கூட்டும் விசை. ஜப்பானியப் படையினருக்கு அஞ்சிப் பருவமெய்திய பெண்களுக்கு அவசர அவசரமாகத் திருமணம் முடித்து வைத்தனர் என்பதை அக்காலம் கண்டோர் பலரும் இன வேறுபாடின்றிச் சொல்லியிருக்கின்றனர். திருமண வயது தாழ்ந்தால் பிறப்பு கூடும் வாய்ப்பு உண்டு. ஆனால் வளர்ச்சி நிறைவுறாத பதின்மவயதுத் தாயின் முதற்பேறு, தாய்க்கும் சேய்க்கும் பேரிடர் மிகுந்தது. ஆகவே கூடிய பிறப்பும் நலத்தின் அடையாளமாகாது.

இவற்றுள் எவ்விசை எங்கே மேலோங்கியது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். பதிவேடுகளோ அரைகுறையானவை. சயாமில் இறந்தவனின் இறப்பு மலாயாவின் ஏட்டில் பதிவாகவில்லை. மருத்துவச்சியின் கையில் பிறந்து எட்டாம் நாளில் இறந்த சிசு, பிறப்பேடு, இறப்பேடு இரண்டிலும் இல்லாமற் போவது எளிது. பங்கீட்டு அட்டையை இழக்க விரும்பாத வீடு ஓர் இறப்பை மறைத்திருக்கவும் கூடும். எனவே போர்க்கால ஏடுகளில் காணும் எண்ணை நேரே நம்புவதும் கூடாது, அறவே தள்ளுவதும் கூடாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு ஏடுகள் வேண்டும்.

புறநகர் என்னும் மறந்த களம்

நம் எழுத்தில் ஜப்பானியர் காலத் தமிழன் என்றால் தோட்டத் தொழிலாளி அல்லது நகரத்து வணிகன். இவ்விருவருக்கும் இடையே ஒரு புறநகர்த் தமிழ்ச் சமூகம் இருந்தது. கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பணிமனையை ஒட்டியும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் வாழ்ந்த ரயில்வே, பொதுப்பணித் தொழிலாளர் குடும்பங்களே அது. இவர்களுக்குத் தோட்டத்தில் இருந்தவாறு கிழங்கு நட நிலம் மிகுதியாக இல்லை. நகரத்து வணிகனுக்கு இருந்தவாறு பண்டமும் இல்லை. வாழைமர நோட்டின் மதிப்பு மாதந்தோறும் வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில் மாதச் சம்பளமே இவர்களின் பிடிமானம். ஆட்சியாளருக்கு ரயில் ஓட வேண்டும் என்பதால் வேலை நீடித்தது. அந்த ரயிலே 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க விமானங்களைச் செந்தூல் பணிமனைமீது வரவழைத்தது. வேலையே பாதுகாப்பு, வேலையே ஆபத்து என்னும் இந்த இருநிலை தோட்டத்தில் இல்லாதது.

பொதுச் சுகாதாரத்தை ஆராய்பவர்க்குப் புறநகர் தனிப்பயன் உடையது. தோட்டத்தில் ஒரே முதலாளி, ஒரே டிரஸர். நகரத்தில் பெரிய மருத்துவமனை. புறநகரில் நெருக்கமான வீட்டு வரிசை, பொதுக் குழாய், பொதுக் கழிவறை, கால்வாய். வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் காசநோயும் பரவ ஏற்ற களம் அது. அதே வேளையில் மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரமும் அதுவே. தோட்டத்துச் சிசுவின் வாய்ப்பும் செந்தூல் சிசுவின் வாய்ப்பும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. இந்த வேறுபாட்டை நாம் இதுவரை ஒரு கேள்வியாகக்கூட வகுத்துக்கொள்ளவில்லை.

வேறொரு புறநகரோடு ஒப்பீடு

போர் வந்தால் குழந்தைகள் இறப்பது இயற்கைதானே என்று கேட்கலாம். அதே போரில், அதே பேரரசின் தலைநாட்டில் நிகழ்ந்ததைப் பார்ப்பது பயன் தரும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் 1941இல் பிறப்பு வீதம் ஆயிரத்துக்கு 13.9 ஆகத் தாழ்ந்திருந்தது; 1944இல் 17.7 ஆக உயர்ந்தது. சிசு இறப்பு 1941இல் ஆயிரம் பிறப்புக்கு 60, 1944இல் 45. லண்டன் புறநகர்கள் குண்டுவீச்சுக்கு உள்ளான ஆண்டுகள் இவை. 1940 சூலையில் தொடங்கிய தேசியப் பால் திட்டம் கருவுற்ற பெண்ணுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் நாளொரு பைண்ட் பாலை மலிவாகவோ இலவசமாகவோ உறுதிசெய்தது. பங்கீடு ஏழைக்கும் செல்வர்க்கும் ஏறத்தாழ ஒரே தட்டை வைத்தது. ரிச்சர்ட் டிட்மஸ் 1950இல் வெளியிட்ட ‘சமூகக் கொள்கையின் சிக்கல்கள்’ என்னும் அரசுசார் வரலாறு, குண்டுக்கு நடுவே ஒரு நாடு தன் மக்களின் நலத்தை எவ்வாறு காத்தது, எங்கே தவறியது என்பதை ஏடு ஏடாக ஆய்ந்தது.

இவ்வொப்பீட்டின் நோக்கம் இங்கிலாந்தைப் போற்றுவதன்று. போர் என்பது ஒரே மாதிரியான நோய்க்காரணி அல்ல என்பதே இதன் பாடம். உணவு யாருக்கு முதலில் என்று ஓர் ஆட்சி எடுக்கும் முடிவே குழந்தையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அங்கே தாய் ஒரு பிரிவாக எண்ணப்பட்டாள், இங்கே எண்ணப்படவில்லை. அங்கே ஒரு டிட்மஸ் கிடைத்தார், நமக்குக் கிடைக்கவில்லை. மலாயாவின் பொதுச் சுகாதார வரலாற்றை விரிவாக எழுதிய லெனோர் மாண்டர்சனின் நூல் 1870 முதல் 1940 வரை மட்டுமே எல்லை கொண்டது. ஜப்பானியர் காலத்தின் சமூக, பொருளாதார வரலாற்றை 1998இல் விரிவாக எழுதிய பால் கிரட்டோஸ்காவின் நூலோ நாடு முழுவதையும் பரப்பாகக் கொண்டது. தமிழ்த் தாயும் சேயும் இவ்விரு நூல்களின் இடைவெளியில் நிற்கின்றனர்.

புனைவின் பங்கு

வரலாறு விட்டதை இலக்கியம் நிரப்பியதா? ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் இத்துறையில் முதலில் எண்ணத் தக்கவை. கல்லறையும் பெயர்ப்பலகையும் இன்றி மறைந்த ஆசியத் தொழிலாளருக்கு எழுத்தால் நடுகல் நட்ட பெருமை இவற்றுக்கு உண்டு. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கையில், நம்மவர்க்கு நாவலே கல்லறையாயிற்று. இவற்றின் சிறப்பை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது.

எனினும் இவ்வகை நாவலின் கட்டமைப்பை நோக்குவோம். ஆள்பிடிப்பு, ரயில் பயணம், முகாம், வாந்திபேதி, சாவு, தப்பித்தல் அல்லது திரும்புதல் என்பது அதன் பாதை. கதை நகர்வது தண்டவாளம் நோக்கி. எனவே தோட்டம் என்பது புறப்படும் இடமாகவும் திரும்பும் இடமாகவும் மட்டுமே அமைகிறது. மனைவி காத்திருப்பவளாகிறாள். காத்திருத்தல் என்பது இலக்கியத்தில் ஒரு நிலை. வாழ்க்கையில் அது உழைப்பு. கிழங்கு பிடுங்கியும் கீரை தேடியும் சாக்குத்துணி உடுத்தியும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு வேப்பிலைக் கசாயம் காய்ச்சியும் அவள் நடத்திய மூன்றரை ஆண்டுகள் ஒரு நாவலின் மையமாகத் தகுதியுடையவை. சங்க இலக்கியத்தின் முல்லைத் திணையில் ‘இருத்தல்’ ஓர் உரிப்பொருளாக மதிக்கப்பட்டது. போனவனைப் பாடியதற்கு ஈடாக இருந்தவளையும் பாடிய மரபு நம்முடையது. ஆனால் நம் போர்க்காலப் புனைவில் வாகைத்திணையும் காஞ்சித்திணையும் ஓங்கி, முல்லை ஒடுங்கிவிட்டது.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ வேறு வகையைச் சார்ந்தது. மேடானும் பினாங்கும் அதன் களம்; குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்களின் உலகம் அதன் பொருள். அங்கே குழந்தை இல்லாமை கலைக்குறையன்று. அவ்வுலகின் உண்மை அதுவே. ஆனால் தோட்டத்திலும் புறநகரிலும் குடும்பத்தோடு வேரூன்றிய சமூகத்தைப் பாடும்போது நாமும் அதே ஆண்மையக் கண்ணோட்டத்தை இரவல் வாங்கிக்கொள்ள நேர்ந்தது ஏன் என்பது விவாதிக்கத் தக்கது.

ஒரு காரணத்தைக் கூறலாம். வீரமும் பலியும் ஒரு சிறுபான்மைச் சமூகத்திற்கு உரிமைச் சான்றாகப் பயன்படுகின்றன. இந்நாட்டுக்காக உயிர் கொடுத்தோம் என்று சொல்லச் சடலங்களின் எண்ணிக்கை தேவைப்படுகிறது. பெயரிடும் முன்பே இறந்த சிசுவுக்கு அத்தகைய அரசியல் பயன் இல்லை. நம் நினைவும் இந்தப் பயன் கருதியே தேர்ந்தெடுத்திருக்கிறது. இது குற்றச்சாட்டன்று; ஆனால் ஆய்வாளர் அதை உணர்ந்திருத்தல் கடமை.

கேப்டனும் மருத்துவரும்

இத்தேர்வு எவ்வாறு செயற்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். லட்சுமி சுவாமிநாதனை நாம் அனைவரும் அறிவோம். 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படையின் தலைவி. சீருடையுடன் நிற்கும் அவர் படம் நம் நூல்களிலும் மலர்களிலும் இடம்பெறாத ஆண்டில்லை. ஆனால் அவர் 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மகப்பேற்று மருத்துவத்தில் தேர்ச்சி கொண்டு, 1940இல் சிங்கப்பூருக்கு வந்து மருத்துவமனை நடத்தியவர். அவரிடம் வந்தவர்களுள் இந்தியத் தொழிலாளர் குடும்பத்து ஏழைப் பெண்கள் பலர். போருக்குப் பின் கான்பூரில் குடியேறி, முதுமை வரை மகப்பேறு பார்த்தவர். 2012இல் மறைந்தார். அவர் வாழ்வில் படைத்தலைமை சில ஆண்டுகள். மருத்துவச் சேவை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். நாமோ அந்தச் சில ஆண்டுகளையே நினைவிற்கொண்டு, எஞ்சியதை அடிக்குறிப்பாக்கிவிட்டோம்.

துப்பாக்கி ஏந்திய கை நமக்கு வரலாறாயிற்று. பிள்ளை ஏந்திய கை வரலாறாகவில்லை. பெயர் பெற்ற ஒரு மருத்துவரின் நிலையே இதுவென்றால், பெயரற்ற தோட்டத்து மருத்துவச்சிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. டிரஸர் ஓடிப்போன தோட்டத்தில், மருந்து தீர்ந்த கொட்டகையில், பேறு பார்த்தவர்கள் அவர்களே. அவர்களுள் ஒருவரைப் பற்றியேனும் நம்மிடம் ஒரு முழுமையான வாழ்க்கைக் குறிப்பு இருக்க வேண்டாமா?

நினைவுகொள்வது எழுத்தறிவையும் பொறுத்தது. 1943இன் இறுதி முதல் நெகிரி செம்பிலானின் பகாவில் குடியேற்றப்பட்ட யூரேசியர், சீனக் கத்தோலிக்கர் ஆகியோருள் பலர் மலேரியாவுக்குப் பலியாயினர். அவர்களுடன் சென்ற ஆயர் தெவால்சும் 1945இல் இறந்தார். அக்குடியேற்றத்தைப் பற்றிக் குடும்பக் குறிப்புகளும் திருச்சபைப் பதிவுகளும் நூல்களும் உள்ளன. எழுதப் படிக்கத் தெரிந்த சமூகத்தின் துயரம் ஏட்டில் தங்கியது. கைநாட்டுச் சமூகத்தின் துயரம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தங்கி, பாடியவரோடு போயிற்று.

முடிவுரை: செய்யத் தக்கன

1947இல் மலாயாக் கூட்டரசில் சிசு இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 102 என்றும், 1957இல் 75ஐ ஒட்டியது என்றும் அறிகிறோம். போர் முடிந்து இரண்டாண்டுகளுக்குப் பின்னும் பத்துக் குழந்தைகளில் ஒன்று முதலாண்டு நிறையுமுன் இறந்தது. அப்படியானால் 1944இல் தோட்டத்து நிலை எவ்வாறு இருந்திருக்கும் என்னும் கேள்விக்கு விடை தேடும் கடமை நம் துறைக்கு உண்டு. அதற்கான வழிகள் முற்றிலும் அடைபட்டுவிடவில்லை.

முதலாவது, தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள். 1943க்கும் 1945க்கும் இடையே பிறந்த குழந்தைகள் 1950ஆம் ஆண்டை ஒட்டி முதலாம் வகுப்பில் சேர்ந்திருப்பர். அவ்வாண்டுகளின் சேர்க்கையை முன்பின் ஆண்டுகளோடு ஒப்பிட்டால், எந்தத் தோட்டத்தில், எந்தப் புறநகரில் எத்தனை இருக்கைகள் காலியாக இருந்தன என்பது ஓரளவு தெரியவரும். அரசாங்கப் பிறப்பேடு சொல்லாததைப் பள்ளியின் பழைய ஏடு சொல்லக்கூடும். வயதைப் பத்து, பன்னிரண்டு என்று முழு எண்ணாகச் சொல்லும் வழக்கம் நம் மக்களிடையே இருந்ததால் எச்சரிக்கை தேவை. ஆயினும் திசை தெரியும். இப்பணிக்குத் தமிழாசிரியர்களைவிடத் தகுதியானவர் இலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் பள்ளிகள் இடம் மாற்றப்பட்டும் வரும் நிலையில் அவ்வேடுகளைக் காப்பதே முதற்பணி.

இரண்டாவது, கோயில், தேவாலய ஏடுகள். ஞானஸ்நானப் பதிவுகள் தமிழ்க் கிறித்துவர் அளவிலேனும் ஆண்டுவாரியான பிறப்பைக் காட்டவல்லவை. மூன்றாவது, வாய்மொழிப் பாடல்கள். முரசு நெடுமாறனின் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ போன்ற பெருந்தொகுப்புகள் நமக்கு வழிகாட்டியுள்ளன. ஏற்கெனவே திரட்டப்பட்ட தோட்டப்புறத் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் சுவைக்காக மட்டுமின்றி, உணவு, நோய், இழப்பு பற்றிய சான்றாகவும் மறுவாசிப்புச் செய்தல் வேண்டும்.

நான்காவது, படைப்பாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். தண்டவாளத்தின் கதை சொல்லப்பட்டுவிட்டது, நன்றாகவே சொல்லப்பட்டுவிட்டது. இனிச் சொல்ல வேண்டியது அடுப்படியின் கதை, ஆயாக்கொட்டகையின் கதை, செந்தூல் வீட்டு வரிசையின் கதை. அக்காலத்தில் தாயாக இருந்தவர்கள் அநேகமாக இன்று இல்லை. அப்போது குழந்தையாக இருந்து பிழைத்தவர்கள் எண்பதைக் கடந்து நிற்கின்றனர். பிழைக்காத தம்பியின், தங்கையின் பெயரை அறிந்த கடைசித் தலைமுறை அவர்களே. வீட்டில் எத்தனை பேர் பிறந்தீர்கள், எத்தனை பேர் தங்கினீர்கள் என்னும் இரண்டு கேள்விகளை ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்து மூத்தவரிடம் கேட்டு எழுதி வந்தால், ஒரு வகுப்பறையிலிருந்தே நம் பிறப்பேட்டின் சில வெற்றுப் பக்கங்கள் நிரம்பத் தொடங்கும்.